ஆள் வந்துகிட்டே இருக்காங்க

1

இந்தக் கதையை நான் எழுத உட்காரவே இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுத உட்கார்ந்தது வேறு கதை. ஒரு வீடு, ஒரு கணவர், ஒரு மனைவி, காலையில் பாதியில் நின்ற ஒரு சண்டை, மாலையில் அதன் மீதி. அவ்வளவுதான். பத்திரிகை ஆசிரியர் ஒருவர் 'இணை உலகச் சிறப்பிதழ்' கொண்டுவருகிறேன், குறையே இல்லாத ஓர் உலகத்தில் ஓர் ஆள் மாட்டிக்கொள்கிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். இணை உலகமாவது, துணை உலகமாவது! இருக்கிற உலகத்துச் சண்டையையே என்னால் ஒழுங்காக எழுத முடிவதில்லை. "ஆகட்டும் சார், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, என் பாட்டுக்கு இதை ஆரம்பித்தேன்.

முதல் தொடக்கம்: "மாலை வெயில் அந்தத் தெருவின் மேல்" (வேண்டாம். வெயிலில் ஆரம்பிக்கிற கதைகளை என்னாலேயே படிக்க முடிவதில்லை.)

இரண்டாவது தொடக்கம்: "திருமணம் என்பது" (அடித்துவிட்டேன். தெரியாத விஷயத்தில் இவ்வளவு தைரியம் ஆகாது.)

மூன்றாவது நின்றது. அதை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே தருகிறேன்:

"லிஃப்ட் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் அவருக்கு வேலை. நகரத்தில் எங்கே லிஃப்ட் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எதிர்முனையில் எவ்வளவு கத்தினாலும் அவர் குரல் உயராது. 'அதாவது நீங்க சொல்றது, அஞ்சாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவுல நிக்குது, உள்ள ரெண்டு பேர், ஒருத்தருக்கு மூச்சு முட்டுது. சரிங்களா?' என்று ஒரு சொல் சிந்தாமல் திருப்பிச் சொல்வார். பிறகு, 'பதறாதீங்க. கதவைத் தள்ளாதீங்க. ஆள் வந்துகிட்டே இருக்காங்க' என்பார். சொன்னதையே திருப்பிச் சொல்வதால் அலுவலகத்தில் அவருக்கு ரிப்பீட்டு என்று பெயர். அன்று காலை அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில், 'அதனால நீங்க என்ன சொல்றீங்க?' என்று முடித்தாள். அவர் 'உம்' என்றார். 'சரி, நான் இப்ப என்ன கேட்டேன், சொல்லுங்க பாப்போம்' என்றாள். ஊரார் சொல்வதையெல்லாம் அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறவருக்கு ஒன்றும் நினைவு வரவில்லை. 'காலங்காத்தால ஆரம்பிக்காதே' என்றார். 'நான் சொல்றது உங்க காதுல விழணும்னா, ஆபீசுக்குப் போன் போட்டு லைன்ல காத்திருக்கணும் போல' என்றாள் அவள். அவருக்குப் பதில் வரவில்லை. அலுவலகத்தில் நாள் முழுக்க யோசித்தார். மாலையில் மாடிப்படி ஏறும்போது பதில் கிடைத்துவிட்டது. அருமையான பதில். தனக்குத் தானே சிரித்துக்கொண்டு, சாவியைப் போட்டுத் திருப்பி, கதவைத் துறந்தார்."

இதை அக்காவுக்கு அனுப்பினேன். என் அக்கா அச்சகத்தில் பிழை பார்ப்பவள். அவள் கண்ணில் படாமல் என் கதை எதுவும் வெளியே போனதில்லை. படித்துவிட்டுப் போன் செய்தாள்.

"நல்லா இருக்குடி. உள்ள வந்ததும் என்ன சொல்றார்?"

"எழுதிட்டு அனுப்பறேன்" என்றேன்.

2

எழுத முடியவில்லை.

"உள்ளே வந்ததும் வராததுமாக, 'நீ எதுக்கு லைன்ல காத்திருக்கணும்? உனக்குன்னு தனி லைனே போட்டுத் தரேன்' என்றார். அவள் முகம் சட்டென்று"

சிவந்தது என்று எழுதத்தான் கை போனது. 'மலர்ந்தது' என்று வந்து விழுந்தது. "சரிங்க, போட்டுக் குடுங்க" என்றாள் அவள். இது என்ன கூத்து என்று அடித்துவிட்டேன்.

"அவள் கரண்டியை ஓங்கி" என்று ஆரம்பித்தேன். ஓங்கின கரண்டி இறங்கி வந்து அவர் தட்டில் பரிமாறியது. "அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு" என்றேன். திருப்பிக்கொண்டு போய்க் காபி எடுத்துவந்தாள். வாயில் வைத்தால் சர்க்கரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசியில் எனக்கே கோபம் வந்து, "அவர் கதவைப் படாரென்று" என்று எழுதிவிட்டுப் பார்த்தால், படாரென்று சாத்துவதற்குக் கதவைக் காணோம். தாழ்ப்பாள் இல்லை, நிலைகூட இல்லை. சுவர் ஓரிடத்தில் முடிந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி ஆரம்பித்தது.

கதவைக் கடைசியாக எங்கே பார்த்தேன் என்று பின்னால் போய்த் தேடினேன். நான் எழுதிய பத்தியின் கடைசிச் சொல்லில் இருந்தது.

திறந்தார் இல்லை. துறந்தார்.

நான் தட்டுகிற விசைப்பலகையில் 'தி'யும் 'து'வும் பக்கத்துப் பக்கத்து வீடு. விரல் ஒரு வீடு தள்ளி இறங்கிவிட்டது. வீட்டைத் துறந்தவர்கள் உண்டு, ஆசையைத் துறந்தவர்கள் உண்டு. ஆனால் கையில் சாவியோடு, வாயில் பதிலோடு, வாசலில் நின்று கதவைத் துறந்த மனிதர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். துறந்தவருக்கு என்ன கிடைக்குமோ அது கிடைத்துவிட்டது. கதவுகளும் குறைகளும் இல்லாத ஓர் உலகம்.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"நானா விட்டேன்? நான் படிக்கிறப்ப திறந்தார்னுதான்டி இருந்துச்சு!"

"இல்லக்கா. நீ அப்படிப் படிச்சுகிட்ட."

"என்னமோ போ. எனக்கு அவர் உள்ள வந்துட்டார்."

"உனக்கு வந்துட்டார். எனக்கு வரலையே."

"ஒரு எழுத்துதானே? மாத்திட்டுப் போவியா!"

மாற்றத்தான் போனேன். அதற்குள் பத்திரிகை ஆசிரியரின் போன் வந்தது. நடந்ததைச் சொன்னேன். மனிதர் துள்ளிக் குதித்தார். "அம்மா, இணை உலகம் உங்களைத் தேடி வந்திருக்கு! அந்த எழுத்தைத் தொட்டுடாதீங்க."

பிழையைத் திருத்தினால் எனக்குக் கதை இல்லை. திருத்தாவிட்டால் அவருக்கு வீடு இல்லை. நான் கதையின் பக்கம் சாய்ந்தேன். எழுதுகிறவர்கள் அப்படித்தான், எங்களை வீட்டுக்குள் விடுவதற்கு முன்னால் ஒரு முறை யோசித்துக்கொள்ளுங்கள்.

3

அந்த உலகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். குறை சொல்ல எதுவும் இல்லாத இடத்தை வர்ணிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

அதே தெரு, அதே மாடி, அதே வீடு. ஆனால் சமையலறைக் குழாய் சொட்டவில்லை. மின்விசிறி கிரீச்சிடவில்லை. அவருடைய செருப்பு இரண்டும் எப்போதும் ஒன்றையொன்று பார்த்தபடி ஒழுங்காகக் கிடந்தன. இரவல் போன குடைகளெல்லாம் திரும்பி வந்திருந்தன. தையல்காரர் சொன்ன தேதியில் சட்டையைக் கொடுத்தார். கை இரண்டும் ஒரே நீளம். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை நடந்துகொண்டே படிக்க முடிந்தது. மச்சினன் வந்தான், உட்கார்ந்தான், நலம் விசாரித்தான், எதுவும் கேட்காமலே எழுந்து போனான். அவன் போன பிறகும் வெகுநேரம் அவர் அவன் உட்கார்ந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

(அடிக்குறிப்பு: குளியலறைக்குமா கதவு இல்லை என்று கேட்பீர்கள். இல்லை. அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, அதனால் தேவைப்படவில்லை. அவர் மட்டும் உள்ளே போனால் வெளியே வரும்வரை உரக்கப் பாடிக்கொண்டே இருந்தார், ஆள் இருப்பது தெரியட்டும் என்று.)

(இன்னொரு அடிக்குறிப்பு: அந்த உலகத்தில் ஏற்கெனவே ஒரு கணவர் இருந்திருப்பாரே, அவர் எங்கே? எனக்கும் தெரியாது. குறையில்லாத உலகத்துக் கணவர், விருந்தாளி வருவது தெரிந்து நாகரிகமாக இடம்விட்டு ஒதுங்கியிருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

முதல் சில நாட்கள் ரிப்பீட்டுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அந்தப் பதில் இருந்ததே, நாள் முழுக்கத் தீட்டித் தீட்டிக் கொண்டுவந்த பதில், அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது வேண்டுமென்றே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார்.

"உனக்குன்னு தனி லைனே போட்டுத் தரேன்!"

"அன்னிக்கே சரின்னு சொன்னேனேங்க. எப்ப போடறீங்க?"

"நான் குத்திக்காட்டறேன்."

"அப்படியா? குத்திக்காட்டுங்க" என்றாள் அந்த உலகத்து மனைவி, கையைத் துடைத்துக்கொண்டு, கேட்கத் தயாராக எதிரில் உட்கார்ந்து.

இப்படி உட்கார்ந்தால் யார் என்ன செய்வது? அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

4

வேலைக்குப் போனார். போகாமல் என்ன செய்வார்? அங்கேயும் லிஃப்ட் கம்பெனி இருந்தது, புகார்ப் பிரிவு இருந்தது, அவருடைய மேசை இருந்தது. லிஃப்டுகள்தான் நிற்கவே இல்லை. கதவில்லாத லிஃப்டுகள், ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆனாலும் போன் அடித்தது.

"வணக்கம் சார். எங்க பில்டிங் லிஃப்ட் நல்லா ஓடுது. சொல்லணும்னு தோணிச்சு."

"அதாவது நீங்க சொல்றது, உங்க பில்டிங் லிஃப்ட் நல்லா ஓடுது."

"ஆமா. அதைத்தானே நானும் சொன்னேன்?"

"சரியா கேட்டுகிட்டேனான்னு…"

"சரியா கேக்காம எப்படி சார் இருக்க முடியும்?" அந்தக் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. அன்று மதியம் மேலதிகாரி வந்து அவர் தோளில் கை வைத்தார். "நீங்க ஒரே விஷயத்தை ரெண்டு தரம் சொல்றீங்களாமே. உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

எதற்காக அவருக்கு ரிப்பீட்டு என்று பெயர் வந்ததோ, அந்தத் திறமை அங்கே ஒரு வியாதி.

மேலதிகாரி சென்ற பிறகு ரிப்பீட்டு சுற்றுமுற்றும் பார்த்தார். போனை எடுத்து, தன் புகார்ப் பிரிவின் எண்ணையே போட்டார். அந்த உலகத்தின் முதல் புகாரைப் பதிவு செய்யப் போகிறார். லைன் பிஸியாக இருந்தது. வைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி போட்டார். பிஸி. அவர் பேசிக்கொண்டிருப்பது அதே போன்தான் என்பது உறைக்க நேரமாயிற்று. உறைத்ததும் போனை வைத்துவிட்டு மேலே, கூரையைப் பார்த்தார்.

"மேல யாராவது இருக்கீங்களா?"

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோதும் அவர் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.)

"இருக்கேன்" என்று எழுதினேன்.

"யாருங்க நீங்க?"

"எழுதறவ."

"என்ன எழுதறீங்க?"

"உங்களைத்தான்."

அவர் அதிரவில்லை. நடுவானில் தொங்குகிறவர்களோடு பேசியே பழக்கப்பட்டவர். நடந்ததை நான் சொல்லச் சொல்லக் கேட்டார். கேட்டு முடித்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதாவது நீங்க சொல்றது, நீங்க என்னை எழுதறப்ப ஒரு எழுத்து மாறிடுச்சு. அதனால நான் இங்க மாட்டிகிட்டேன். அதைத் திருத்தினா உங்க கதை போயிடும்னு விட்டுட்டீங்க. சரிங்களா?"

இவ்வளவு சரியாக யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

"சரிதான்" என்றேன்.

"வீட்டுல சண்டை பாதியில நிக்குதுங்க. நான் எப்ப போக முடியும்?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது மனிதர்கள் சொல்வதைச் சொன்னேன்.

"பதறாதீங்க. ஆள் வந்துகிட்டே இருக்காங்க."

அவர் மெல்லச் சொன்னார். "ஏங்க, என்கிட்டயேவா? ஆள் இன்னும் கிளம்பலைன்னாதான் நாங்க அதைச் சொல்லுவோம்."

5

அன்று மாலை வீட்டுக்குப் போனவர் பதிலைப் பற்றி நினைக்கவில்லை. நடந்து போகும்போதுதான் அவருக்கு அது தோன்றியிருக்க வேண்டும். பதில் தன்னிடம் இருக்கிறது, சரி. ஆனால் கேள்வி என்ன?

மனைவி அன்று காலை ஏதோ கேட்டிருக்கிறாள். அவர் 'உம்' என்றிருக்கிறார். எதற்கு 'உம்'? கட்டிலை ஜன்னல் பக்கம் போடலாமா என்று கேட்டிருக்கலாம். சாயங்காலம் சீக்கிரம் வருகிறீர்களா என்று கேட்டிருக்கலாம். 'நான் கொஞ்ச நாளைக்கு எங்க அண்ணன் வீட்டுல போய் இருக்கட்டுமா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?' என்றும் கேட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் 'உம்' ஒன்றுதான்.

நீங்கள் என்னைக் கேட்கலாம், எழுதியவள் நீதானே, உனக்குமா தெரியாது என்று. தெரியாது. இந்தக் கதையை அவரை ஒட்டியே சொல்வது, அவர் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தேன். அவர் காதில் விழாதது என் காதிலும் விழவில்லை. 'மனைவி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்' என்று நானும் கைகழுவிவிட்டேன். மேலே போய்ப் பாருங்கள், அப்படியே இருக்கிறது.

சுவர் முடிகிற இடத்தின் வழியாக உள்ளே வந்தார். அந்த உலகத்து மனைவி காபி எடுத்து வைத்திருந்தாள்.

"அன்னிக்குக் காலையில நீ என்கிட்ட ஏதோ கேட்டியே. என்ன கேட்டே?"

"கேட்டேன். நீங்க பதில் சொன்னீங்க. முடிஞ்சுபோச்சேங்க."

"நீ என்ன கேட்டேன்னு இன்னொரு தடவை சொல்லேன்."

"இன்னொரு தடவையா?" அவளுக்குப் புரியவில்லை. "முதல் தடவையே கேட்டாச்சுன்னா, அப்புறம் எதுக்குங்க இன்னொரு தடவை?"

"என்னது?" என்றார் அவர், பழக்கதோஷத்தில்.

அவள் அவர் வாயையே பார்த்தாள். அந்தச் சொல்லை அவள் அதுவரை கேட்டதில்லை. அந்த உலகத்தில் 'என்னது?' என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

அவருக்குத் தன் வீடு நினைவுக்கு வந்தது. சமையலறையில் குழாய் ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் ஏதோ சொல்வாள். கூடத்திலிருந்து இவர் "என்னது?" என்று கத்துவார். அவள் மறுபடி சொல்வாள். "என்னது?" என்பார். "ஒண்ணுமில்லை!" என்று ஒரு சத்தம் வரும், கூடவே ஒரு பாத்திரமும் ணங்கென்று விழும். அப்போது எழுந்து போய், குழாயை மூடிவிட்டு, "சொல்லு" என்று கேட்டிருக்கலாம். எத்தனையோ தடவை கேட்டிருக்கலாம். குழாய்க்கும் கூடத்துக்கும் நடுவே நாலு எட்டுதான்.

காபி ஆறவில்லை. அங்கே காபி ஆறுவதில்லை. அவருக்கு அழுகை வந்தது. கதவு இல்லாத வீட்டில் எங்கே போய் அழுவது என்று தெரியாமல் குளியலறைக்குள் போய், பாடிக்கொண்டே அழுதார்.

6

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு அக்கா நேரிலேயே வந்துவிட்டாள். கையில் சிவப்புப் பேனா.

"போதும்டி, பாவம். அந்த எழுத்தை மாத்தி அவரை வீட்டுக்கு அனுப்பு. உன் பத்திரிகைக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"மாத்தினா என்ன ஆகும் தெரியுமா? அதுக்கு அப்புறம் வந்த எதுவும் நடந்திருக்காது. 'என்னது' கிடையாது, அழுகை கிடையாது. அன்னிக்குச் சாயங்காலம் சிரிச்சுகிட்டே உள்ள போய், தனி லைன் போட்டுத் தரேன்னு சொல்லுவார். அவ்வளவுதான்."

அக்கா யோசித்தாள். அவள் யோசிக்கும்போது பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் போடுவாள்.

"சரி, அவரை விடு. அந்தப் பொம்பளை எங்க?"

"எந்தப் பொம்பளை? அந்த உலகத்து மனைவியா?"

"நிஜப் பொண்டாட்டி! அவளைக் காலையில ரெண்டு வாக்கியம் பேசவிட்டுட்டு அப்படியே மறந்துட்டியே. கதவுக்கு அந்தப் பக்கம் அவ என்ன பண்றா?"

நான் விழித்தேன்.

"இன்னொண்ணும் கேக்கறேன்." தாளை என் முன்னால் நீட்டினாள். சிவப்பில் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தாள். "அவர் வந்தார், அவர் போனார், அவர் அழுதார். அவள் சொன்னாள், அவள் முடித்தாள். ஏண்டி, அவருக்கு 'ர்', அவளுக்கு 'ள்'ளா? ஒரே வீட்டுல ரெண்டு மரியாதையா? எழுதறப்ப மட்டும் நீ ஆம்பளையாயிடறியா?"

"'ள்'ல ஒரு பாசம் இருக்குக்கா. உன்னைக்கூட இந்தக் கதையில 'அவள்'னுதான் எழுதறேன்."

"பாசமா? அப்ப அந்தப் பாசத்தை அவருக்கும் குடு. 'அவன்'னு எழுது, பாப்போம்."

எழுதிப் பார்த்தேன். 'அவன் வீட்டுக்குப் போனான். அவன் பாடிக்கொண்டே அழுதான்.' கை கூசியது. புகார்ப் பிரிவில் இத்தனை வருஷம் உத்தியோகம் பார்த்த மனிதரை எப்படி 'ன்' போட்டு எழுதுவது? அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு எனக்கு எப்போதும் பிடித்ததில்லை.

பிழை பார்ப்பவளே இதை இவ்வளவு நாள் பிழை என்று நினைத்ததில்லை என்றும் சொன்னாள். "ஊரே இப்படித்தான் எழுதுது. கண்ணுக்குப் பழகிடுச்சு. 'துறந்தார்' எப்படித் தப்பிச்சுதோ, அப்படியேதான் இதுவும்."

ஆகவே, இந்த வரியிலிருந்து இருவருக்கும் 'ர்'. முன்னால் போன பக்கங்களைத் திருத்தவில்லை. எப்படி இருந்தேனோ அப்படியே கிடக்கட்டும்.

7

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

ஒன்று, அந்த எழுத்தைத் திருத்துவது. அதில் என்ன நடக்கும் என்று அக்காவிடமே சொல்லிவிட்டேன். பதில் ஜெயிக்கும், கேள்வி போய்விடும்.

இரண்டு, அவரை அங்கேயே விட்டுவிடுவது. பழகிவிடும். எந்தச் சொல்லையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லாமலிருக்கக் கற்றுக்கொள்வார். மேலதிகாரி மகிழ்ச்சியடைவார். பிறகு ஒருநாள் குளியலறையில் பாட்டு நின்றுபோகும். அன்றோடு அவர் அந்த ஊர்க்காரர். இந்த முடிவைத்தான் பத்திரிகை ஆசிரியர் கேட்கிறார், "அப்படியே ஜில்லுன்னு இருக்கும்மா" என்கிறார். எனக்கு அதை எழுதக் கையே வரவில்லை.

மூன்றாவதற்கு, நான் போட்டுக்கொண்ட விதியை மீறவேண்டும். அவரை விட்டுவிட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் போகவேண்டும். போனேன்.

அங்கே நேரம் நகரவே இல்லை. நான் அந்தச் சொல்லை எழுதிய கணத்திலேயே நின்றுகொண்டிருந்தது. நான் போனதும் குழாய் மறுபடி சொட்டத் தொடங்கியது. விசிறி கிரீச்சிட்டது. அவருடைய பழைய செருப்பு ஒன்று கட்டிலுக்கு அடியிலும், இன்னொன்று கடவுளுக்கே வெளிச்சமான இடத்திலும் கிடந்தது. மனைவி கூடத்தின் நடுவில் நின்றார். மாடிப்படியில் வந்த காலடிச் சத்தம் அவருக்குக் கேட்டிருந்தது. சாவி போடும் சத்தமும், அது திரும்பும் சத்தமும் கேட்டிருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கதவு அசையவில்லை.

"சாவியைப் போட்டுட்டு அங்க என்ன பண்றார் இந்த மனுஷன்?" என்று முணுமுணுத்தார். நாள் முழுக்க அவரும் சும்மா இருக்கவில்லை. அவரிடமும் ஒரு பதில் தயாராக இருந்தது; ரிப்பீட்டின் பதிலைவிடக் காரமானது. அதோடு, காலையில் கேட்ட கேள்வியும் பதில் வராமல் அப்படியே இருந்தது. இனிமேல் அதைக் கேட்கவே கூடாது என்று மதியம் முடிவு செய்திருந்தார். சாயங்காலம் ஆக ஆக அந்த முடிவு கொஞ்சம் இளகியிருந்தது. கதவின் அருகே போனார். கை தாழ்ப்பாள் வரைக்கும் போயிற்று. நானா போய்த் திறக்க வேண்டும், சாவி வைத்திருப்பவர் திறக்கட்டுமே என்று நின்றது. போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

அத்தனை பக்கத்தில் நின்றபோது அந்தக் கேள்வி எனக்குக் கேட்டது. வாய்க்குள்ளேயே ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் அதை எழுதப்போவதில்லை. அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை. அதை முதலில் கேட்க வேண்டியவர் இன்னும் வந்து சேரவில்லை.

ஓடிப்போய் அந்த உலகத்தைப் பார்த்தேன். ரிப்பீட்டு சுவர் முடிகிற இடத்தில் நின்றிருந்தார். கையில் அந்தப் பழைய சாவி. பூட்டு இல்லை, கதவு இல்லை. இருந்தும் சாவியைச் சரியான உயரத்தில் நீட்டிப் பிடித்திருந்தார். உள்ளேயிருந்து அந்த உலகத்து மனைவியின் குரல் வந்தது: "உள்ள வாங்களேன், தடுக்கறதுக்கு என்ன இருக்கு?" "அதுதாம்மா கஷ்டம்" என்றார் அவர். பிறகு மேலே பார்க்காமல், வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தார். "காலையில நீ சொன்னது என் காதுல விழலை. இன்னொரு தடவை சொல்லு. அதாவது நீ சொல்றது… அதாவது நீ சொல்றது…"

ஒரு வாக்கியம்தான் பாக்கி. சின்ன வாக்கியம். 'தி' வரவேண்டிய இடத்தில் 'து' விழுந்துவிட்டால் இந்த முறை இரண்டு பேருக்கும் போயிற்று. என் விரலை நான் நம்பவில்லை. அக்காவைக் கேட்டால், "என் கண்ணை நானே நம்பறதில்லைடி இப்பல்லாம்" என்று பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் உங்கள் நினைவு வந்தது.

முதல் பகுதியில் அந்தச் சொல்லைப் படித்தீர்களே, அக்காவின் கண்ணைப் போல உங்கள் கண்ணும் அதைத் தானாகவே திருத்திக்கொண்டதா? அப்படியானால் உங்கள் வரைக்கும் அவர் அன்றைக்கே வீட்டுக்குள் போய்விட்டார், கையில் வெறும் பதிலோடு. நீங்கள்தான் அனுப்பினீர்கள். இல்லை, 'துறந்தார்' என்றே படித்து நெற்றியைச் சுருக்கினீர்களா? அப்படியானால் இத்தனை நேரம் அவரோடு சேர்ந்து நீங்களும்தான் வெளியே நிற்கிறீர்கள். எப்படியானாலும் உங்கள் கண் என் விரலைவிட மேல்.

கீழே ஓர் எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். இரண்டே எழுத்துகள்தான் அதில் பொருந்தும். அவர் என்று எழுதியிருப்பது யாரை என்று என்னைக் கேட்காதீர்கள். 'ர்' இப்போது இருவருக்கும் உண்டு. சாவி ஒருவர் கையில், தாழ்ப்பாள் இன்னொருவர் கைக்கெட்டும் தூரத்தில்.

அவர்கள் இருவரிடமும் நான் ஒன்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். பதறாதீங்க, ஆள் வந்துகிட்டே இருக்காங்க என்று. தயவுசெய்து அதை இந்த ஒரு தடவையாவது உண்மையாக்குங்கள்.

அவர் கதவைத் (      )றந்தார்.